கொதிக்க வைத்த தண்ணீர்

அக்டோபர் 6, ஞாயிறு

விடியற்காலையில் நல்ல மழை. கொட்டகைத் தகரத்தில் விழும் சத்தத்துக்குக் கோழிகள் பழகிவிட்டன. முட்டை குறையவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் சுற்றியிருக்கும் பண்ணைகளில் எல்லாம் முட்டை சரிந்தபோதும் இங்கே சரியவில்லை. தீவனத்தை நானே கலக்குகிறேன், மருந்தை நானே கொடுக்கிறேன். கோழிப்பண்ணையெல்லாம் பொம்பளைக்கு ஆகாது என்று கல்யாணமான புதிதில் சொன்னவர்கள் இப்போது கலவை விகிதம் கேட்டு எனக்குப் போன் செய்கிறார்கள்.

மாமா நேற்று இந்தூருக்குக் கிளம்பினார். என் வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். டைரியில் 'கணவர்' என்று எழுதினால் யாரோ வேற்று ஆள் போலிருக்கிறது. சொந்த லாரியில் சோயாப் புண்ணாக்கு ஏற்றிக்கொண்டு நாமக்கல் திரும்ப இரண்டு வாரம் ஆகிவிடும்.

கூண்டுகளுக்கு அடியில் சேர்ந்த எருவை அள்ளிக் கொட்டகைக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் குவித்தாயிற்று. வாங்கிப்போகும் கேரளத்து லாரி இன்னும் வரவில்லை. குவியல் மழையில் கரைகிறது. கரைந்தாலும் மண்ணுக்கு உரம்தானே.

நேத்ராவுக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது. நன்றாகக் குடித்தாள், நன்றாகத் தூங்கினாள்.

இந்த டைரி பண்ணை அறை மேசைமேல்தான் கிடக்கும். லாரியை விட்டு இறங்கியதும் மாமா முதலில் இதைத்தான் புரட்டுவார். அதனால் கையெழுத்தாவது ஒழுங்காக இருக்க வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

கீழ்க்காட்டு சரசக்கா வேலியோரம் நின்று சத்தம் போட்டார். எங்கள் பண்ணை சரிவின் மேலே இருக்கிறது, அவர் வீடு கீழே. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவருக்கு என்மேல் வருத்தம்.

"ஏனம்மிணி, சோத்தத் தட்டுல போட்டா ஈதான் மொதல்ல திங்குது. உன்ற எருவ எப்பத்தான் அள்ளுவ?"

"லாரி வந்ததும் அள்ளீருவனுங்க்கா."

"பச்சக் கொழந்த இருக்கற ஊடு. என்ற மவ வினோதினி பிரசவமாயி இங்கதான் இருக்கறா, தெரியுமில்ல?"

"எங்க ஊட்லயும் பச்சக் கொழந்ததானுங்க்கா இருக்குது. என்ற புள்ளைக்கு ஒண்ணும் ஆவுலையே."

முந்தானையை உதறிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். அவரிடம் யாராவது ஒருநாள் இப்படிச் சொல்லத்தான் வேண்டும்.

நேத்ராவுக்கு வேண்டிய சுத்தம் எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு வாடை கிடையாது. அப்படியும் நான் சும்மா விடுவதில்லை. தளதளவென்று கொதித்து, பாத்திரத்தில் பாதியாக வற்றிய பிறகுதான் பிளாஸ்கில் ஊற்றுவேன்.

அக்டோபர் 11, வெள்ளி

பகல் முழுக்க மழை. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

நாமக்கல் போய்க் கோழிகளுக்கு வைட்டமின் வாங்கினேன். எனக்கு வேண்டியதையும் வாங்கினேன், வழக்கமான கடையில் அல்ல. பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு மருந்துக் கடை வந்திருக்கிறது. அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

திரும்பும்போது அங்கன்வாடி வாசலில் நிற்க நேர்ந்தது. ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே தாய்ப்பால் வாரம் நடந்தது. மகளிர் குழுத் தலைவி என்பதால் நிறைமாத வயிற்றோடு நான்தான் பேசினேன். 'தாய்ப்பால் இல்லை என்பது மனசில் இருக்கும் குறை, மார்பில் இருக்கும் குறை இல்லை' என்று சொன்னதும் பலத்த கைதட்டல். நான் பேசும்போது எடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

அம்மா போனில் கேட்டார்: "பால் நல்லா வருதா கண்ணு?"

"வருதும்மா."

பிளாஸ்க் பழசாகிவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

அக்டோபர் 17, வியாழன்

நேத்ராவுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. மழையில் கிணற்றுத் தண்ணீர் மாறியதால் இருக்கும் என்று இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தேன். குடித்தாள். ஆனால் குடித்த பிறகு அழுவதுகூட இல்லாமல் துவண்டு கிடக்கிறாள்.

உதடு சற்றுக் கறுத்துத் தெரிகிறது, நாவல்பழம் தின்ற மாதிரி. மாமா வீட்டுப் பக்கம் எல்லோரும் அந்த நிறம்தான்.

தீவனம் மூன்று நாளைக்கு இருக்கிறது. மாமா வந்துவிடுவார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மாமா வந்தார். கை கால் கழுவிவிட்டு நேத்ராவை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, நகமெல்லாம் நீலமாட்டம் இருக்குது?"

"மழைக் குளுருங்க மாமா."

"குளுருக்கு நம்ம நகம் இப்பிடியா இருக்குது?"

என் கையைத் தூக்கிக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். உடனே காரை எடுத்தோம். நாமக்கல் டாக்டர் மார்பில் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஓட்டை இருக்கலாம், சேலத்துக்கு இப்போதே கொண்டுபோங்கள் என்று சீட்டு எழுதினார். டயப்பர் பையோடு இந்த டைரியும் வந்துவிட்டது. எழுதாவிட்டால் என் கை சும்மா இருக்காது.

அக்டோபர் 21, திங்கள்

சேலம். குழந்தைகள் வார்டு. நேத்ராவின் மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள். அதிகமாக்கியும் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. இருதயத்தைப் படம் எடுத்தார்கள். ஓட்டை இல்லை. நுரையீரலிலும் குறை இல்லை. குறை இல்லை என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் டாக்டர் ரெஜினாவின் முகம் இன்னும் சுருங்குகிறது. முப்பத்தைந்து வயது இருக்கும். வேகமாக நடக்கிறார், மெதுவாகப் பேசுகிறார்.

"குழந்தைக்கு என்னம்மா குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

தாய்ப்பால் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

இந்தப் பக்கத்தை மாமா படிக்கட்டும். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காலை ரவுண்டுக்கு வந்த டாக்டர் ரெஜினா நேத்ராவின் காலிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டார், அதன் பக்கத்தில் தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு. அவருடையது சிவப்பாகவே இருந்தது. நேத்ராவுடையது சாக்லேட் நிறத்தில் இருந்தது, காற்றில் வைத்தும் மாறவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வீடு எங்க இருக்கு? வயல் பக்கமா?"

"கோழிப்பண்ணைங்க. பண்ணைக்குள்ளயேதான் வீடு" என்றார் மாமா.

"குடிக்கிற தண்ணி?"

"கெணறுங்க."

"அப்ப எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆனா தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இது வராதே. வேற எதுவுமே குடுக்கலையா? ஒரு ஸ்பூன் தண்ணிகூட?"

மாமா என்னை முந்திக்கொண்டார். "இல்லீங்க டாக்டர். தாய்ப்பால் மட்டுந்தானுங்க. ஊருக்கே எடுத்துச் சொன்னவ இவ."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். இரண்டு ராத்திரி தூங்காத முகத்தில் அந்தப் பெருமை மட்டும் மிச்சமிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இல்லீங்க. புட்டிப்பால். பவுடர் கரைச்சுத்தான் குடுக்கறேன். ஒரு மாசமாயிருச்சு."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. "எந்தத் தண்ணில கரைச்சீங்க?"

"கெணத்துத் தண்ணிலதானுங்க. நல்லாக் கொதிக்க வச்சு, பாதியா வத்த வச்சு."

"கடவுளே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நர்ஸ் பக்கம் திரும்பி மருந்து கேட்டார். பெயர் மெத்திலீன் புளூ. கருநீல மருந்து. நீலம் பாரித்த குழந்தைக்கு இன்னும் நீலத்தை ஏற்றுகிறார்களே என்று தோன்றியது. சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. நான் நேத்ராவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் காது மடல் மாறியது. பிறகு உதட்டோரம். பிறகு உள்ளங்கை. பக்கத்துக் கட்டில் குழந்தையின் இட்லி ஆறுவதற்குள் என் மகள் ரோஜா நிறத்துக்கு வந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீரிட்டு அழுதாள். ஏழெட்டு நாளாக அவள் அப்படி அழவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி உள்ளது உள்ளபடி. பிரசவமான மூன்றாவது வாரமே நான் கொட்டகைக்குள் இறங்கினேன். வெயில், தூசி, ஒழுங்கான சாப்பாடு இல்லை. பால் குறைந்தது. செப்டம்பர் கடைசியில் நின்றேவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, ஊர் நர்ஸிடம் சொல்லவில்லை, மாமாவிடம் சொல்லவில்லை. மேடையில் பேசியவள் நான். நேற்று டாக்டர் கேட்டபோதும் பொய் சொன்னேன். அதனால் என் குழந்தை இன்னும் ஒரு பகலும் ஒரு இரவும் மூச்சுக்குத் திணறினாள்.

வராந்தாவில் மாமா சுவரோரம் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "டப்பாவ எங்க வச்சிருந்த?"

"கோழி மருந்து அலமாரில. வைட்டமின் டப்பாவுக்குப் பின்னால."

"நானே ரெண்டு தடவ அந்த அலமாரியத் தொடச்சேன்" என்றார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை, தோள் குலுங்கியது. "பால் இல்லீனா இல்லைன்னு சொல்றதுக்கு என்ன புள்ள. நானென்ன ஊர்க்காரனா?"

அக்டோபர் 24, வியாழன்

நேத்ரா நன்றாக இருக்கிறாள். சிறுநீர் பச்சையாகப் போகிறது, அந்த மருந்தின் நிறமாம். பயப்பட வேண்டாம் என்றார்கள். நான் பயப்படவில்லை.

மாமா ஊருக்குப் போய்ப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்த கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டார்கள். இருக்கலாம் என்ற அளவைப் போல ஐந்து மடங்கு நைட்ரேட். நான் வற்றவைத்துப் பிளாஸ்கில் ஊற்றியது இன்னும் கூடுதலாக இருந்திருக்கும்.

"கொதிக்க வச்சா கிருமி சாகும்" என்றார் டாக்டர் ரெஜினா. "இது கிருமி இல்லம்மா, உப்பு மாதிரி. தண்ணி ஆவியாப் போகும், இது போகாது. வத்த வத்தக் கூடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. குழந்தை வயித்துல இது நைட்ரைட்டா மாறி ரத்தத்தக் கெடுத்துடும். அப்புறம் எவ்வளவு ஆக்ஸிஜன் குடுத்தாலும் ரத்தத்தால தூக்கிட்டுப் போக முடியாது. பெரியவங்க ஓரளவு தாங்கிப்பாங்க. ரெண்டு மாசக் குழந்தை தாங்காது."

எரு கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னோம். எத்தனை வருஷமாக அங்கே குவிக்கிறீர்கள் என்று கேட்டார். பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து என்றோம்.

"அப்ப இது இந்த மழையில மட்டும் வந்ததில்ல" என்றார். "வருஷா வருஷம் இறங்கினது. இந்த மழை மிச்சத்தத் தள்ளி விட்டிருக்கு."

மாமா ஒரு கேள்வி கேட்டார். அவர் எப்போதும் கேட்கிற கேள்விதான்: "இது எங்கிருந்துங்க வருது?"

டாக்டருக்கு அன்று கொஞ்சம் ஓய்வு இருந்தது. நாம் மூச்சு விடுகிற காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன்தான் என்றார். அங்கே அது சாது, யாரையும் ஒன்றும் செய்யாது. சோயாச் செடியின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குச் சத்தாகக் கொடுக்கும். செடியிலிருந்து விதைக்கு, விதையிலிருந்து தின்பவருக்கு. தின்றதில் பாதிக்கு மேல் எச்சமாக வெளியே போகும். காட்டில் என்றால் அந்த எச்சத்தை அங்கேயே இன்னொரு செடி எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில் குவித்தால், எடுக்கச் செடி இல்லாமல் மண்ணில் நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கும்.

மாமா யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அங்க இந்தூர்ப் பக்கம் காத்துல கெடந்தத செடி புடிச்சுது. நான் லாரில ஏத்திக் கொண்டாந்தேன். நீ கோழிக்குப் போட்ட. கோழி எருவாப் போட்டுது. மழ கெணத்துல சேத்துது. நீ புள்ளைக்குக் குடுத்த."

குற்றம் சொல்லவில்லை, வழி சொன்னார். லாரி ஓட்டுகிறவருக்கு எல்லாமே வழிதான். நானும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். எங்கள் மாவட்டத்தில் எத்தனை பண்ணைகள், எத்தனை லாரிகள். எங்கெங்கோ இருக்கும் மண்ணின் சத்து தினமும் வந்து இறங்குகிறது. முட்டையாக வெளியே போவது கொஞ்சம். மிச்சமெல்லாம் இந்தச் சரிவுகளில்தான் கிடக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். நேத்ராவுக்கு இனி சுத்திகரித்த கேன் தண்ணீர்தான். அதற்கும் டாக்டர் சோதித்துச் சொன்ன கம்பெனிதான். பால் டப்பா சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வந்ததும் செய்த முதல் வேலை, எருவை அள்ளியது. கேரளத்து லாரிக்குக் காத்திருக்கவில்லை. மாமாவின் லாரியிலேயே ஏற்றி, மேல்காட்டில் பழைய சிமெண்ட் களத்தில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடினோம். இரண்டு ஆட்கள், நான், மாமா. சாயங்காலம் வரை வேலை. களத்துக்குக் கூரை போடச் சொல்லியாயிற்று. ஆனால் கிணறு உடனே சரியாகாது. வருஷக் கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மண்ணுக்குள் இறங்கியதை யாரும் அள்ள முடியாது.

சாப்பிடும்போது நான் சொன்னேன்: "நம்ம கெணத்துத் தண்ணி கீழ எங்க போவுது மாமா?"

அவருக்கும் அதே யோசனை இருந்திருக்க வேண்டும். உடனே பதில் வந்தது. "சரசக்கா கெணத்துக்குத்தான்."

"வினோதினி கொழந்தைக்கு நாப்பது நாள்கூட இருக்காது."

"அந்தப் புள்ள தாய்ப்பால் குடுக்குதுன்னா பயமில்லையே."

"குடுக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல? கலெக்டர் வரைக்கும் போவாங்க. பண்ணைய மூடச் சொல்லுவாங்க. பத்து வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. வேணும்னா நர்ஸம்மாகிட்டச் சொல்லி, பொதுவாத் தண்ணியச் சோதிக்கற மாதிரி..."

"அதுக்கு எத்தன நாளாவும்? நம்ம புள்ளைக்கு எத்தன நாள் இருந்துது?"

பண்ணையின் பெயர்ப் பலகையில் என் பெயர்தான் இருக்கிறது. நானேதான் போய்ச் சொல்ல வேண்டும். மூட நேர்ந்தால் வேறு ஏதாவது செய்வேன். செய்யத் தெரியாத ஆள் இல்லை நான்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் ஒரு கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு கீழ்க்காட்டுக்குப் போனேன். சரசக்கா வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கேனைப் பார்த்ததுமே முறைத்தார்.

சோதனையில் வந்ததைச் சொன்னேன். நேத்ராவுக்கு வந்ததைச் சொன்னேன். என் எருக் குவியலிலிருந்துதான் என்பதையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "பத்து வருஷமா நான் கத்தறேன்."

"ஆமாங்க்கா."

"ஈன்னு நெனச்சு இத்தன நாள் கத்தீட்டிருந்தேன். நீ வெசத்தையே உட்டிருக்கற."

"ஆமாங்க்கா. வினோதினிய ஒருதடவ பாத்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் வேண்டாம். என்ற மவ தாய்ப்பால்தான் குடுக்கறா. உன்ற தண்ணி எங்களுக்கு எதுக்கு? எடுத்துட்டுப் போ."

வினோதினி கதவோரம் குழந்தையோடு நின்றிருந்தாள். அம்மா சொன்னதற்குத் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் சமையலறைப் பக்கம் போய் வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு மாதமாக மருந்து அலமாரியை அப்படியே பார்த்துப் பழகியவள் நான்.

சரசக்காவை விட்டுவிட்டு அவளிடம் பேசினேன்.

"வினோதினி, எனக்குப் பால் வரலை. செப்டம்பர்லயே நின்னுபோச்சு. யாருகிட்டயும் சொல்லல, எங்க மாமாகிட்டகூட. பவுடர் டப்பாவக் கோழி மருந்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். டாக்டர் கேட்டப்பவும் தாய்ப்பால்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால எம்புள்ள செத்திருப்பா."

தெருவில் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்றுவிட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

வினோதினி அம்மாவைப் பார்க்கவில்லை. உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு புட்டி இருந்தது, பாதி பாலோடு.

"ராத்திரிக்கு மட்டுந்தானுங்க்கா" என்றாள். பிறகு, "இப்ப ஒரு வாரமாப் பகல்லயும்" என்றாள்.

எழுந்த சரசக்கா அப்படியே நின்றார். நான் குழந்தையை வாங்கிச் சூரியனுக்குக் காட்டினேன். நகத்தில் நேத்ராவுக்கு இருந்த அளவு நீலம் இல்லை. ஆனால் இருந்தது. உதட்டோரம் சாம்பல் நிறம்.

மாமாவுக்குப் போன் செய்தேன். கார் வாசலுக்கு வந்துவிட்டது. வினோதினி ஏறினாள். சரசக்கா சேலையைக்கூட மாற்றாமல் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உன்ன நான் உட்டுருவேன்னு நெனைக்காத."

"உடாதீங்க்கா. மொதல்ல ஏறுங்க."

நவம்பர் 10, ஞாயிறு

வினோதினியின் பெண்ணுக்கு ஊசி தேவைப்படவில்லை. தண்ணீரை மாற்றியதிலேயே இரண்டு நாளில் தெளிந்துவிட்டாள். ஊரில் கைக்குழந்தை இருக்கும் மற்ற மூன்று வீடுகளுக்கும் நர்ஸம்மாவோடு நான் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் மறுபடியும் போனேன், திறந்தார்கள்.

தீவனம் கலந்தேன். முட்டை கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் இல்லாத நாட்களில் கலவை தவறிவிட்டது. இரண்டு வாரத்தில் சரி செய்துவிடுவேன்.

மதியம் சரசக்கா, ஊரார் கலெக்டருக்கு எழுதிய மனுவோடு வந்தார். மேலே வரமாட்டேன் என்று வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும், எல்லாக் கிணறுகளையும் சோதிக்க வேண்டும், எந்தப் பண்ணையிலும் இனி எருவை வெறும் மண்ணில் குவிக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். காரணமாக என் பண்ணையின் பெயரை எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. முழுவதும் படித்தேன். தவறாக ஒன்றும் இல்லை.

"இத உனக்குக் காட்டோணும்னு வினோதினி சொன்னா. அதான் வந்தேன்" என்றார். குரலில் இளக்கம் எதுவும் இல்லை.

பேனா வாங்கினேன். முதல் கையெழுத்து சரசக்காவுடையது. அதற்குக் கீழே கோகிலவாணி என்று போட்டு, கோழிப்பண்ணை உரிமையாளர் என்றும் எழுதிக் கொடுத்தேன்.